பூப்பில்லா என்னும் சிறு பொம்மை

முகம் தரையைப் பார்க்க, முதுகு கூரையைப் பார்க்கக் கிடக்கும் நிலையை ஆங்கிலத்தில் ‘ப்ரோன்’ என்பர். அச்சொல் ‘ப்ரோனுஸ்’ என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. முன்னோக்கிக் கவிழ்ந்தது என்பது அதன் பொருள். புரொஃபசர் இச்செய்தியைத் தம் மனைவிக்கு எடுத்துரைத்தபோது, அவள் அந்த நிலையில்தான் கிடந்தாள்.

“கவுந்து கிடக்கறவகிட்டயே வந்து, இதுக்குக் கவுந்து கிடக்கறதுன்னு அர்த்தம்னு சொல்ற ஒரே மனுஷன் நீங்கதான்” என்றாள் அவள். அவளுடைய குரல் முகம் பதித்த தலையணையின் துளை வழியாகத் தரைக்குப் போய், ஓடுகளில் மோதித் திரும்பி வந்தது.

“தெரிஞ்சிக்கட்டுமேன்னு சொன்னேன்.”

“எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதாங்க. கண்ணு வருமா, வராதா?”

அந்த வாரம் அவ்வீட்டில் இருந்த கேள்வி அது ஒன்றுதான். சமையலறையிலும் குளியலறையிலும், சொட்டு மருந்துக் குப்பிகள் வரிசையாக நின்ற சன்னல் மேடையிலும் அந்தக் கேள்வியே உட்கார்ந்திருந்தது. புரொஃபசரிடம் அதற்கு விடை இல்லை. விடை இல்லாத இடங்களில் வேர்ச்சொற்களை வைத்து நிரப்புவது அவர் இயல்பு.

மனைவி ஒரு பெரிய துணிக்கடையின் ஆல்டரேஷன் பிரிவில் பணிபுரிபவள். கால்சட்டையின் நீளம் குறைப்பதையும் இடுப்பைப் பிடிப்பதையும் எவரும் செய்வர். கிழிசலை இழையோட்டி மூடும் டார்னிங் அவளுக்கு மட்டுமே வந்தது. ஆணியில் மாட்டிக் கிழிந்த கோட்டு, பூச்சி அரித்த கம்பளி, சிகரெட் பொறி விழுந்த பட்டு ஆகியவை அவள் மேசைக்கே வரும். அதே துணியின் உள்மடிப்பிலிருந்து நூலை உருவி, நெய்தவன் விட்டுச்சென்ற இழையின் போக்கிலேயே ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக ஊசியை ஓட்டுவாள். துணியைத் திரும்பப் பெற்ற வாடிக்கையாளர் வாசலுக்குப் போய், வெயிலில் விரித்துப் பிடித்து, கிழிசல் இருந்த இடத்தைத் தேடுவார். அவர் தேடிச் சலிப்பதைக் கண்ணாடிக் கதவின் உட்புறம் நின்று பார்ப்பதே அவளுடைய ஒரே கர்வம்.

அந்த வேலை முழுவதையும் அவளுடைய வலக்கண் ஒன்றே செய்து வந்தது. இடக்கண் பிறவியிலேயே மந்தம். வருபவர் யார் என்று அதனால் சொல்ல முடியும். ஊசியின் காதைக் காண முடியாது. இந்நிலையில் ஒரு நண்பகல், வலக்கண்ணின் ஓரத்திலிருந்து கறுப்புத் திரை ஒன்று இறங்கத் தொடங்கியது. மறுநாள் காலைக்குள் அது நடுப்பகுதியையும் மூடிவிட்டது. கண்ணுக்குள் விழித்திரை கிழிந்து, சுவரிலிருந்து சுண்ணாம்பு உரிவதுபோல் உரிந்து தொங்குகிறது என்று டாக்டரம்மா விளக்கினார். அறுவை முடிந்தது. உரிந்த திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பதற்காகக் கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டது. வாயு மேல்நோக்கியே எழும்பும். திரையோ கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. ஆகவே ஒரு வாரம் அவள் குப்புறக் கிடக்க வேண்டும். உண்ணும்போதும் குளிக்கும்போதும்கூடத் தலை குனிந்தே இருக்க வேண்டும்.

“கேஸ் குறையற வரைக்கும் அந்தக் கண்ணுல ஒண்ணும் தெரியாது” என்றார் டாக்டரம்மா. “தெரியலயேன்னு பயப்படாதீங்க. தெரியுதான்னு சோதிச்சும் பாக்காதீங்க. முக்கியமா, மல்லாக்கப் படுக்கக் கூடாது, நிமிரக் கூடாது.”

“ரெட்டினான்னா வலைன்னு அர்த்தம், டாக்டர். லத்தீன்ல ‘ரேட்டே’” என்றார் புரொஃபசர்.

“ஆமா, காலேஜ்ல சொன்னாங்க” என்று டாக்டரம்மா அடுத்த தாளைப் புரட்டினார். மனைவி மேசைக்கு அடியில் கணவரின் தொடையைக் கிள்ளினாள்.

புரொஃபசர் உண்மையில் பேருந்துப் பணிமனை ஒன்றில் எலெக்ட்ரீஷியன். சிறு வயதில் பள்ளியை விட்டவர், தலை நரைத்த பிறகு பள்ளி இறுதித் தேர்வை எழுதி, முதல் முயற்சியிலேயே தேறினார். இப்போது அஞ்சல் வழியில் ஆங்கிலப் பட்டப் படிப்புப் படிக்கிறார். சொற்களின் தோற்றம் பற்றிய பாடமே அவருக்கு மிகவும் பிடித்தமானது. பணிமனைத் தோழர்கள் கிண்டலாகவே அந்தப் பட்டப்பெயரைச் சூட்டினர். அவர் அதைக் கழற்றாமல் வைத்துக்கொண்டார். பேருந்தின் அடியில் நூறு ஒயர்கள் ஓடினாலும் அவருக்குக் கவலையில்லை. ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்று பிடித்துவிட்டால் போதும். சொற்களும் அவ்வாறே. தொடக்கம் தெரிந்த எதுவும் மனிதனை அச்சுறுத்தாது என்பது அவருடைய உறுதியான கருத்து.

குப்புறக் கிடப்பதற்கான ஏற்பாட்டை அவரே செய்திருந்தார். கழித்துக் கட்டிய பேருந்தின் இருக்கை ஸ்பாஞ்சைத் தோழர்கள் கொண்டுவந்து கொடுத்தனர். அதில் முகம் புகும் அளவுக்கு வட்டமாக வெட்டி, கட்டிலின் தலைமாட்டில் துருத்திக்கொண்டு நிற்குமாறு கட்டினார். மனைவி அதில் முகத்தைப் பொருத்திக் கிடப்பாள். அவர் கட்டிலுக்குக் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். இடக்கண்ணுக்கு அவருடைய உருவம் கலங்கலாகத் தெரியும். அவ்வாறு மேலும் கீழுமாக இருவரும் பேசிக்கொள்வர்.

“கண்ணுக்குள்ள லென்ஸ் இருக்குல்ல, அது லத்தீன்ல பருப்பு. மசூர்ப் பருப்பு மாதிரி வடிவம், அதனால அந்தப் பேரு.”

“கண்ணுல பருப்பா?”

“ஆமா. முன்னால இருக்கற கார்னியா, கொம்பு. மாட்டுக் கொம்பு மாதிரி கெட்டியா இருக்கறதால.”

“அப்புறம்?”

“உள்ள இருந்த ஜெல்லிய எடுத்தாங்களே, விட்ரியஸ், அது கண்ணாடி. ரெட்டினா வலை.”

“கொம்பு, பருப்பு, கண்ணாடி, வலை. இது என்ன கண்ணா, பழைய சாமான் கடையா?”

அவர் கீழிருந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் துளைக்குள்ளிருந்து வேறொரு குரல் வந்தது.

“வலைன்னா நூல்தான? என் கையில குடுத்திருந்தா நானே இழை ஓட்டியிருப்பேன்.”

அவர் வேறொரு சொல்லுக்குத் தாவினார். ‘பேஷண்ட்’ என்னும் சொல் பொறுத்துக்கொள்பவர், துன்பம் தாங்குபவர் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது என்றார்.

“அப்ப கல்யாணம் ஆன நாள்லருந்து இந்த வீட்டுல நான்தான் பேஷண்ட்” என்றாள்.

இவ்வாறு முதல் சில நாட்கள் கழிந்தன. ஆனால் வேடிக்கைப் பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. வலக்கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சேற்றுத் தண்ணீருக்குள் விழித்ததுபோன்ற ஒரு சாம்பல் நிறம் மட்டுமே. அது இயல்புதான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சொன்னது நினைவில் இருந்தது, நம்பிக்கைதான் கரைந்துகொண்டிருந்தது. கடையில் தன் மேசைக்கு வேறொருத்தியை உட்கார வைத்துவிட்டார்களோ என்று அவள் கேட்டாள். ஊசி வேண்டாம், பில் போடும் வேலையாவது தருவார்களா என்று கேட்டாள். பிறகு அவளே, “பில்லுல எழுத்து தெரியணுமே” என்றாள்.

வாரத்தின் நடுவில் ஒரு பிற்பகல், கண்ணயர்ந்திருந்தவள் அலறி விழித்தாள்.

“இருட்டா இருக்குங்க! ரெண்டும் போச்சு! ரெண்டு கண்ணும் போச்சு!”

புரொஃபசர் சமையலறையிலிருந்து ஓடிவந்தார். உறக்கத்தில் முகம் நகர்ந்து, இடக்கண் ஸ்பாஞ்சில் அழுந்தியிருந்தது. முகத்தைத் துளைக்கு நேராகத் திருப்பி வைத்ததும் அந்தக் கண்ணுக்குத் தரை தெரிந்தது. எனினும் அவள் அவருடைய கையை விடவில்லை.

“இன்னும் எத்தன நாள் இப்படித் தெரியாமயே கிடக்கறது? வரும்னா வரும்னு சொல்லுங்க, போச்சுன்னா போச்சுன்னு சொல்லுங்க. நடுவுல கிடக்க என்னால முடியல. ஏதாவது ஒரு வழி பாருங்க. இவ்ளோ படிச்சிருக்கீங்கல்ல?”

கடைசி வாக்கியம் அவரைத் தைத்தது. அவர் படித்தவர் என்று அவள் கிண்டல் கலவாமல் சொன்னது அதுவே முதல் முறை. அவர் பாடநூலை எடுத்துக்கொண்டு சன்னலோரம் அமர்ந்தார்.

கண்ணின் நடுவே உள்ள கருவட்டத்தை ஆங்கிலத்தில் ‘ப்யூப்பில்’ என்பர். லத்தீனில் அது ‘பூப்பில்லா’. சிறு பெண், சிறு பொம்மை என்பது பொருள். ஒருவர் மற்றொருவரின் கண்ணுக்குள் உற்று நோக்கினால், அங்கே தம்முடைய உருவமே பொம்மையளவில் நிற்பதைக் காண்பார். அதனால் அப்பெயர் ஏற்பட்டது. இதைப் படித்ததும் புரொஃபசருக்கு உடல் சிலிர்த்தது. ஏனெனில், தமிழிலும் அதே கருவட்டத்துக்குப் பாவை என்று பெயர். பாவை என்றாலும் பொம்மைதான். கடல்கள் பிரித்துவைத்த இரு மொழியினர், ஒருவரையொருவர் கேளாமல், கண்ணுக்குள் ஒரே பொம்மையைக் கண்டிருக்கின்றனர். இரண்டு சாட்சிகள் ஒன்றையே சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவுசெய்தார். எதிரில் நிற்பவரின் உருவம் கண்ணுக்குள் போய் நிற்பதுதான் பார்வை. பொம்மை இருக்கும் கண் பார்க்கும் கண். பொம்மை இல்லையேல் பார்வை இல்லை. இம்முடிவுக்கு வர அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

“வழி இருக்கு” என்று எழுந்தார்.

அவர் விளக்கியதை அவள் குப்புறக் கிடந்தபடியே கேட்டாள்.

“நிமிரக் கூடாதுன்னாங்களே?”

“ஒரே ஒரு நிமிஷம். நான் எட்டிப் பாத்துட்டு உடனே கவுத்துடறேன்.”

“சட்டிய கவுக்கற மாதிரி சொல்றீங்க.” ஆயினும் அவள் கைகளை ஊன்றி எழத் தொடங்கிவிட்டாள்.

அவளைச் சன்னலோர நாற்காலியில் அமர்த்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்தார். கண்ணை மூடியிருந்த துளைபோட்ட பிளாஸ்டிக் கவசத்தின் நாடாவை மெல்ல உரித்தார். வெண்விழி முழுவதும் சிவந்திருந்தது. சொட்டு மருந்தினால் கருவட்டம் மிளகளவு விரிந்து, ஆழமாக, பளபளவென்று இருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

அங்கே அவர் இருந்தார். மூக்குக் கண்ணாடியுடன், காதுகள் இரண்டும் விரிய, முதுகுக்குப் பின்னால் சன்னல் கம்பிகளுடன் நின்றுகொண்டிருந்தார். தலையை இப்புறம் சாய்த்தார், பொம்மையும் சாய்ந்தது.

“இருக்கேன்!” என்று கத்தினார்.

“எங்க இருக்கீங்க?”

“உன் கண்ணுக்குள்ள! கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கறேன்!”

“நெசமாவா? என் மேல சத்தியமா?”

“உன் மேல சத்தியமா. கைய ஆட்டறேன், அதுவும் ஆட்டுது.”

“எனக்கு ஒண்ணும் தெரியலயேங்க.”

“கேஸ் மறைக்குது. நான் உள்ள வந்து சேந்துட்டேன், உனக்குச் சேதி வர லேட்டாகுது, அவ்ளோதான்.”

“இன்னொரு தடவ பாருங்க” என்றாள். பார்த்தார். “இந்தப் பக்கமா வந்து பாருங்க” என்றாள். அப்பக்கமிருந்தும் பார்த்தார். ஒரு நிமிடம் என்றது எப்போதோ கடந்துவிட்டது. இருவரில் எவருக்கும் அது நினைவில்லை. கடைசியில் அவளே, “போதும், கவுத்துடுங்க” என்று சிரித்தாள். மீண்டும் குப்புறக் கிடந்தபோது, அவளுடைய கண்ணீர் கன்னத்தில் வழியாமல் நேரே தரையில் சொட்டியது. அறுவைக்குப் பிறகு முதன்முறையாக ஆழ்ந்து உறங்கினாள்.

மாலையில் மனைவியின் தங்கை கேரியரில் சாப்பாடு கொண்டுவந்தாள். கூரியர் அலுவலகத்தில் கவுண்டரில் இருப்பவள். நாள் முழுவதும் பலரிடம் வாய்கொடுத்துப் பழகிய நாக்கு. அவள் செருப்பைக் கழற்றும் முன்பே புரொஃபசர் செய்தியைச் சொல்லிவிட்டார். பூப்பில்லா, பாவை, இரு சாட்சிகள் என்று முறைப்படி விளக்கினார். கட்டிலில் விழித்துக் கிடந்த மனைவியும் துளை வழியாக, “ஆமாடி, கண்ணு பொழச்சிருச்சு” என்றாள்.

தங்கை கேரியரை மேசைமேல் வைத்தாள்.

“மாமா, அந்த டிவி அணைஞ்சுதான கிடக்கு?”

“ஆமா, ஏன்?”

“கிட்டப் போய்க் குனிஞ்சு பாருங்க.”

அவர் போய்க் குனிந்தார்.

“உங்க மூஞ்சி தெரியுதா?”

“தெரியுது.”

“டிவி உங்களப் பாக்குதா?”

புரொஃபசர் நிமிரவில்லை. கறுப்புத் திரைக்குள் மூக்குக் கண்ணாடி அணிந்த ஒரு மனிதர் வாய் திறந்து நின்றார். அருகில் கேரியரின் மூடியில் இன்னொருவர் நீண்டு நெளிந்து நின்றார். சன்னல் கண்ணாடியில் ஒருவர், சொட்டு மருந்துக் குப்பியின் தோளில் கடுகளவாக ஒருவர். பார்வையில்லாத பொருள்கள் அனைத்திலும் அவர் இருந்தார்.

“அப்ப என்னைய எதுக்கு நிமித்தினீங்க?” என்று துளைக்குள்ளிருந்து கேட்டாள் மனைவி.

“நிமித்தினீங்களா?” தங்கையின் குரல் உடைந்தது. “மாமா! நிமிரவே கூடாதுன்னு டாக்டர் தலபாடா அடிச்சுக்கிட்டாங்களே! உங்க படிப்பு விளையாட்டுக்கு அக்கா கண்ணுதான் கெடச்சுதா?”

“அவர ஒண்ணும் சொல்லாதடி. இன்னொரு தடவ, இன்னொரு தடவன்னு நான்தான் கேட்டேன்.”

அவள் தனக்குப் பரிந்து பேசியதை அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம். திட்டு வாங்கிப் பழகிய மனிதர் அவர்.

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. தங்கை ஸ்பூனில் ஊட்ட முயன்றபோது மனைவி வாயைத் திறக்காமல் கையால் தடுத்தாள்.

“இரு. மேல ஏதோ ஆடுது.”

“எங்கக்கா?”

“வலது கண்ணுல. ஓரத்துல கறுப்பா ஒரு கோடு. தலைய அசைச்சா குலுங்குது.”

முதல் தடவையும் அவ்வாறுதான், ஓரத்தில் ஒரு கறுப்பாகத்தான் தொடங்கியது. தங்கை மருத்துவமனைக்குப் போன் செய்தாள். டாக்டரம்மா வீட்டுக்குப் போய்விட்டார், காலையில் முதல் ஆளாக வந்துவிடுங்கள், அதுவரை தலையைத் தூக்காதீர்கள் என்று நர்ஸ் கூறினார். அன்றிரவு அவ்வீட்டில் எவரும் உறங்கவில்லை என்பதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

காலையில் டாக்ஸி வந்தது. மனைவி பின்னிருக்கையில் அமர்ந்து, முன்னிருக்கையின் முதுகில் நெற்றியை ஊன்றிக்கொண்டாள்.

“அம்மாவுக்கு வாந்தி வருதா? கவர் வச்சிருக்கேன், தரட்டா?” என்றார் டிரைவர்.

“வாந்தி இல்லண்ணே, கண்ணு” என்றாள் தங்கை.

“கண்ணுக்கு எதுக்குக் குனியணும்?”

புரொஃபசர் மனைவியின் தலை ஆடாமல் கையால் அணைத்துக்கொண்டார்.

மருத்துவமனைக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகத் திருகப்பட்டிருந்தன. சுவரெங்கும் ஆங்கில அறிவிப்புகள். வேறு நாளாக இருந்தால் அவர் ஒவ்வொன்றையும் பிரித்து மேய்ந்திருப்பார். அன்று அவருக்கு ஒரே ஒரு சொல்தான் நினைவுக்கு வந்தது. கவலைக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஆங்சைட்டி’ என்னும் சொல், கழுத்தை நெரித்தல், இறுக்குதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய விடை அது. அதை எழுதியபோது அவருடைய தொண்டை நன்றாகவே இருந்தது. இப்போது எச்சில் விழுங்கினால் நடுவழியில் நின்றது.

“என்ன மாமா, இன்னிக்கு லத்தீன் ஒண்ணும் வரலியா?” என்றாள் தங்கை. கேட்ட பிறகு அவளுக்கே மனம் பொறுக்கவில்லை போலும். தண்ணீர்ப் பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

மனைவி குனிந்தபடியே அவருடைய கையைத் தடவிப் பிடித்தாள். “நிமித்தின கதைய டாக்டர்கிட்டச் சொல்ல வேணாம். திட்டுவாங்க. அப்புறம் சரியாப் பாக்க மாட்டாங்க.”

“சொல்லாம எப்படிப் பாப்பாங்க?”

“உங்களத்தான் திட்டுவாங்க.”

“திட்டட்டும்.”

உள்ளே போனதும் அவர் நின்றவாறே எல்லாவற்றையும் சொன்னார். எதனால் நிமிர்த்தினார் என்பதையும் ஒளிக்கவில்லை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“எவ்ளோ நேரம்?”

“கொஞ்ச நேரம், டாக்டர்.”

“கொஞ்சம்னா?”

“அவளுக்குப் போதும்னு தோணுற வரைக்கும்.”

டாக்டரம்மா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்தார். கருவியின் தாடைத் தாங்கியில் புதிய காகிதத்தை வைத்து, மனைவியின் முகத்தைப் பொருத்தினார். ஒளிக்கீற்று ஒன்று கண்ணுக்குள் நுழைந்தது. “மேல பாருங்க. கீழ. இடது பக்கம். என் காதப் பாருங்க.” இருட்டில் இவ்வார்த்தைகள் மட்டும் கேட்டன. பின்னர், தலையில் மாட்டும் விளக்கை அணிந்து, கையில் ஒரு கண்ணாடி வில்லையைப் பிடித்து மீண்டும் பார்த்தார். பார்த்த இடத்தையே திரும்பப் பார்த்தார். புரொஃபசர் கதவருகே சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். தங்கை துப்பட்டாவின் நுனியைப் பற்களால் கடித்திருந்தாள்.

“ஒட்டியிருக்கு” என்றார் டாக்டரம்மா.

யாருக்கும் அது உடனே புரியவில்லை.

“ரெட்டினா ஒட்டியிருக்குங்க. எங்கயும் பிரியல. நீங்க பாத்த கறுப்புக் கோடு கேஸோட விளிம்பு. கேஸ் குறைய ஆரம்பிச்சிருக்கு. பாத்திரத்துல தண்ணி மட்டம் ஆடும்ல, அந்த மாதிரி. ஒரு தடவ நிமிந்ததால ஒண்ணும் கெட்டுப் போகல. அதுக்காக…” என்று புரொஃபசரை நோக்கினார்.

“இனிமே இல்ல, டாக்டர்.”

விளக்கு போடப்பட்டது. டாக்டரம்மா மனைவியின் இடக்கண்ணைக் கையால் பொத்தி, தலையை நேராகப் பிடித்தார். “இப்ப நானே சொல்றேன், ஒரு நிமிஷம் நேராப் பாருங்க. அந்தக் கோட்டுக்கு மேல ஏதாவது தெரியுதா?”

சிவந்த கண் அறையைத் துழாவியது. கதவுப் பக்கம் வந்து நின்றது.

“கோட்டுக்குக் கீழ எல்லாம் கலங்கல்” என்றாள். “மேல, வெள்ளையா, புசுபுசுன்னு… முடி.”

“யாரு முடி?”

“இவரோடதுதான். டை அடிச்சு ரொம்ப நாளாச்சு.”

தங்கை சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல இயலாத ஓர் ஒலி கேட்டது. புரொஃபசர் தம் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“ஆனா ஏங்க உங்க நெத்தி நெளியுது?” என்றாள் அவள்.

பேனாவை எடுக்கப்போன டாக்டரம்மாவின் கை நின்றது. “நெளியுதா? அவருக்குப் பின்னால கதவு இருக்கு பாருங்க. அதோட ஓரம் நேரா இருக்கா?”

“இல்ல. தண்ணிக்குள்ள வச்ச குச்சி மாதிரி.”

“சரி.” டாக்டரம்மா எழுதிக்கொண்டார். “நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே கண்ணோட நடு எடம் தூக்கியிருந்துச்சு. அது திரும்ப ஒட்டும்போது கொஞ்சம் சுருக்கம் விழும். அதனாலதான். பல பேருக்குச் சில மாசத்துல நேராகிடும்.”

“நான் நிமித்தினதாலயா, டாக்டர்?” என்றார் புரொஃபசர்.

“இல்ல. அத மனசுல வச்சுக்காதீங்க.”

“எல்லாருக்கும் நேராகுமா?” என்றாள் மனைவி.

“கொஞ்சம் பேருக்குக் கொஞ்சம் நிக்கும்.”

அவள் கையை நீட்டி, டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டின் முன்கையைத் தொட்டாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே துணியை வைத்து உருட்டினாள். “இந்த இழை தெரியுமா, டாக்டர்? ஒண்ணு மேல ஒண்ணு போறது?”

“இப்பவே சொல்ல முடியாதும்மா.”

அவள் தானாகவே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வாரம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன.

திரும்பும் வழியில் தங்கை அலுவலக வாசலில் இறங்கிக்கொண்டாள். டாக்ஸி நெரிசலில் ஊர்ந்தது. மனைவி முன்னிருக்கையின் முதுகில் நெற்றியை ஊன்றியிருந்தாள்.

“என்னங்க.”

“சொல்லும்மா.”

“நேராத் தெரியலன்னா எப்படி இழை பிடிக்கறது?”

அவர் யோசித்தார். “தெரியலம்மா” என்றார்.

“விரலால தடவியே போக முடியுமா?”

“தெரியல.”

“கையக் குடுங்க” என்றாள். கொடுத்தார். அவள் கையைப் பற்றவில்லை. சட்டைக் கையின் முனையைப் பற்றினாள். இரு கண்களையும் மூடிக்கொண்டு, சுண்டுவிரல் நகத்தைத் துணியின் குறுக்கே ஓட்டினாள். ஒவ்வோர் இழையிலும் நகம் ஏறி இறங்குவதை அவள் கவனித்துக் கேட்பதுபோல் இருந்தது. அவருடைய கை மரத்துப்போயிற்று. அவர் அதை அசைக்கவில்லை.

ஒரு திருப்பத்தில் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. நகம் வழுக்கியது.

“விட்டுப் போச்சு” என்றாள். சட்டைக் கையின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, முதல் இழையிலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.

“கொஞ்சம் மெதுவாப் போங்க” என்றார் புரொஃபசர் டிரைவரிடம்.